அமாவாசை ஓட்டம்

ஏப்ரல் 6, சனி

காலையில் இட்லி பாதி வெந்திருக்கும்போது கேஸ் தீர்ந்துபோனது. சிலிண்டருக்குச் சொல்ல வேண்டியது ஜாஸ்மினின் முறை. கேட்டால் "மறந்துட்டேன்டி" என்று சிரிக்கிறாள். நான் ஒருத்தி இல்லாவிட்டால் இந்த வீட்டில் மற்ற இருவரும் பிஸ்கட் தின்றே காலத்தை ஓட்டுவார்கள்.

மத்தியானம் அமாவாசை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். கோயம்புத்தூருக்கு வெளியே மூடிக்கிடக்கும் ஒரு நூற்பாலையில் நடத்துகிறார்கள். சுவர் ஏற வேண்டும், சேற்றில் தவழ வேண்டும், டயர் குவியலைத் தாண்ட வேண்டும். வழியெல்லாம் பேய் வேஷக்காரர்கள் ஒளிந்திருந்து மேலே பாய்வார்கள். ஆளுக்கு மூன்று சிவப்பு நாடாக்களை இடுப்பில் செருகி அனுப்புவார்கள். அதற்கு 'உயிர்' என்று பெயர். பேய்கள் அதைப் பிடுங்கும். நான்கு பேர் சேர்ந்தது ஓர் அணி. நான்கு பேரும் ஆளுக்கு ஓர் உயிராவது மிச்சம் வைத்துக்கொண்டு, ஒன்றாகக் கடைசிக் கோட்டைத் தாண்டினால்தான் 'பிழைத்தவர்கள்' பதக்கம். ஒருவர் நின்றுவிட்டாலும் அணியே அவுட்.

போன வருடம் பிரதாப் சுவரேறப் பயந்து நின்றுவிட்டான். ஜாஸ்மினின் அலுவலகத்தில் வேலை செய்கிறவன், எங்கள் நான்காவது ஆள். அவனால் பாதியில் வெளியே வந்தோம். தோற்றவர்கள் படுத்துப் படமெடுத்துக்கொள்ள ஒரு சவப்பெட்டி வைத்திருந்தார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே படுத்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆரம்பித்ததைப் பாதியில் விடுவது எனக்கு ஆகவே ஆகாது. இந்த வருடம் பதக்கம் இல்லாமல் திரும்புவதில்லை.

வளர்மதியிடம் சொன்னேன். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் ஆரம்பித்து இன்றுவரை என்னோடே இருப்பவள். "நீ சொன்னா சரிதான் ஹேமா" என்றாள். எதற்கும் அவள் பதில் அதுதான்.

ஏப்ரல் 13, சனி

இரவில் நடத்தப் போலீஸ் அனுமதி தரவில்லையாம். 21ஆம் தேதி ஓட்டத்தை மத்தியானம் மூன்று மணிக்கு மாற்றிவிட்டார்கள். சித்ரா பௌர்ணமியை ஒட்டி, கொளுத்தும் வெயிலில், அமாவாசை ஓட்டம். பிரதாப் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

சிறந்த பேய் அணிக்குத் தனிப் பரிசு உண்டு. கணுக்கால் வரை தொங்கும் கறுப்பு வெல்வெட் அங்கி, முழுக்கை, இடுப்புவரை சவுரி முடி, முகத்துக்கு வெள்ளைச் சாயம் என்று முடிவு செய்தேன். வாங்கிவந்த வெல்வெட் துணியை ஜாஸ்மின் கையில் தூக்கிப் பார்த்தாள். "இந்த வெயில்ல இதப் போட்டுட்டு ஓடினா நெஜமாவே பேயாயிருவோம்டி" என்றாள். பருத்தியில் தைத்தால் பேய் மாதிரி இருக்காது, நர்ஸ் மாதிரி இருக்கும் என்றேன்.

முதலில் வளர்மதியின் அம்மாவிடம்தான் தைக்கக் கேட்டோம். தாராபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். கணவர் போனபிறகு அந்த ஒரே மிஷினை வைத்து மகளைப் படிக்கவைத்தவர். போனில் மாட்டேன் என்றுவிட்டார்.

"வெளையாட்டுக்குக்கூட அதையெல்லாம் கூப்புடக் கூடாது கண்ணு. இவளுக்குச் சின்னதுலயே பயந்த சுபாவம்."

"அம்மா, எல்லாம் சம்பளத்துக்கு வேஷம் போடற பசங்கம்மா. பேயுமில்ல பிசாசுமில்ல."

"என்னமோ போ. நீ கூட இருக்கீல்ல, பாத்துக்கோ."

போனை வைத்தபிறகு வளர்மதியும் நானும் நன்றாகச் சிரித்தோம். காத்து, கறுப்பு, எலுமிச்சம்பழம் என்று இன்னமும் நம்புகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். அவர் என்பதால் சிரிப்போடு விட்டேன்.

ஏப்ரல் 18, வியாழன்

தண்ணீர் வரவில்லை, லாரிக்குச் சொன்னேன். துவைக்கப் போட்ட துணி அப்படியே ஊறுகிறது.

ஏப்ரல் 20, சனி

வளர்மதிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும் போர்த்திப் படுத்துவிட்டாள். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

"நான் வரலேன்னா என்னாகும் ஹேமா?"

"நாலு பேருமே இல்லேன்னு ஆகும்" என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என் குரல் கொஞ்சம் வெடுக்கென்று இருந்திருக்கும். நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும்.

ஏப்ரல் 21, ஞாயிறு, காலை

வளர்மதிக்கு நெற்றி சுடுகிறது. தெர்மாமீட்டர் எங்கே போனதென்று தெரியவில்லை, தேட நேரமும் இல்லை. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை கொடுத்தேன். உடம்பெல்லாம் முறித்துப்போட்டதுபோல வலிக்கிறது என்றாள். என் முதுகுவலிக்கு வாங்கிய மாத்திரை இரண்டையும் கொடுத்தேன். அது கடுமையான மாத்திரை, நன்றாகக் கேட்கும்.

"விட்டுடலாம்டி, அவ மொகத்தப் பாரு" என்றாள் ஜாஸ்மின்.

"வெள்ளைச் சாயம் பூசினா யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். வளர்மதியே சிரித்துவிட்டாள்.

ஏப்ரல் 22, திங்கள்

ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நகக் கண்களில் சாயம் போகவே மாட்டேன் என்கிறது.

வரிசையாக எழுதினால் மனசு நிற்கும். நூற்பாலைக்குள் காற்றே இல்லை. மேலே தகரக் கூரை, கீழே பழைய பஞ்சுத் தூசி. முதல் சுவரை நான்கு பேரும் ஏறினோம். பிரதாப்கூட ஏறிவிட்டான். டயர் குவியலில் வளர்மதி இரண்டு முறை உட்கார்ந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் ஒரு பேய் வந்து அவள் உயிர் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனது.

அடுத்தது சுடுகாட்டுத் தடை. தெர்மாகோலில் கல்லறைகள், நடுவே புகை. வளர்மதி ஒரு கல்லறைமேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். வேறு ஒன்றும் பேசவில்லை, தண்ணீர்தான் கேட்டாள். தண்ணீர் வைத்திருந்த மேசை வெகுதூரம் பின்னால் இருந்தது. முடித்துவிட்டுக் குடிக்கலாம் என்றேன். அங்கே இன்னொரு உயிர் போனது. மிச்சம் ஒன்றுதான். இனி பேய் நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் நினைப்பு முழுவதும்.

கடைசித் தூரத்துக்கு வெளியே வந்தோம். இரண்டு பக்கமும் ஜனம். அங்கேதான் அவள் நடை கோணியது. கால் ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமுமாக வந்தாள். தானாகச் சிரித்தாள். என்னைப் பார்த்து, "அம்மா, கடைய மூடிட்டியா?" என்று கேட்டாள். சிறந்த பேய்க்கான பரிசுக்கு நடிக்கிறாள் என்று நினைத்தேன். நான் மட்டுமில்லை, எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். மைக் பிடித்தவன், "இந்தப் பொண்ணுக்கு நெஜமாவே புடிச்சிருச்சு பாருங்க! கைய தட்டுங்க!" என்று கத்தினான். விசில் பறந்தது. அவள் விழுந்து தவழ ஆரம்பித்ததும் கைதட்டல் இன்னும் கூடியது. நானும் ஜாஸ்மினும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினோம்.

பதக்கத்தைக் கழுத்தில் போட்டபோது அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. அதற்கும் கைதட்டினார்கள். பிரதாப்தான் சவுரியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளைத் தொட்டுப் பார்த்தான். உடம்பு தோசைக்கல்லாகக் காய்ந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. வாசலில் நின்ற ஆம்புலன்ஸுக்கு ஓடினோம். அதுவும் வேஷம்தான். உள்ளே பிளாஸ்டிக் எலும்புக்கூடு படுத்திருந்தது. பிரதாப்பின் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தோம்.

வெயில் தாக்கு என்கிறார்கள். தசையெல்லாம் சிதைந்து சிறுநீரகத்தை அடைத்திருக்கிறதாம். பிழைப்பாளா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள்.

ஏப்ரல் 24, புதன்

வளர்மதியின் அம்மா திங்கள் இரவே வந்துவிட்டார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவரைப் படுக்கவைக்கப் பாய், மாற்றுப் புடவை, காலையில் ஃபிளாஸ்க்கில் காப்பி, எல்லாம் நான்தான். அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு சொல்லியாயிற்று.

இன்று பெரிய டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். "ஓடறதுக்கு முன்னாடி அவங்களுக்குக் காய்ச்சல், சளி ஏதாவது இருந்ததா? வலி மாத்திரை ஏதாவது எடுத்தாங்களா? சிறுநீரகம் நாங்க நினைச்சதைவிட மோசமா அடிவாங்கியிருக்கு. அதான் கேக்கறேன்."

நான் வாயெடுப்பதற்குள் வளர்மதியின் அம்மா பேசிவிட்டார். "ஒடம்பு முடியாட்டி அவ எதுக்குங்க ஓடப்போறா? கூட மூணு பேர் இருக்காங்க, உட்டுருவாங்களா? காச்சலோட என்ற புள்ளய யாராச்சும் இழுத்துட்டுப் போயிருந்தா, அவங்க நல்லாருப்பாங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுமில்ல டாக்டர்" என்றேன்.

தொண்டைக்கட்டு எல்லோருக்கும் வருவதுதான். காய்ச்சல் என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறு காலை அவள் நன்றாகத்தான் இருந்தாள், சிரித்தாள்.

ஏப்ரல் 26, வெள்ளி

வளர்மதி கண் திறந்துவிட்டாள்! வாசலில் நின்ற செக்யூரிட்டிக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு முறை டயாலிசிஸ் செய்தாயிற்று. சில வாரம் விடாமல் செய்தால் சிறுநீரகம் தானாகவே திரும்ப வேலை செய்யும், வயது இருக்கிறது என்றார் டாக்டர். விடக்கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார்.

ஆனால் அவள் பேச்சு சரியில்லை. ஆண்குரல் மாதிரி கட்டையாகப் பேசுகிறாள். சுவரைப் பார்த்துத் திட்டுகிறாள். பெற்ற அம்மாவைப் பார்த்து "நீ யாரு?" என்கிறாள். மூளைக்குச் சூடு ஏறியதாலும் இரத்தத்தில் உப்பு சேர்ந்ததாலும் வரும் குழப்பம், போகப்போகத் தெளியும் என்று டாக்டர் விளக்கினார். வளர்மதியின் அம்மா தலையாட்டினார். அவர் முகத்தில் வேறொன்று ஓடுவது எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் ஜாஸ்மின் வந்தாள். பழத்தை வைத்ததும் முதல் கேள்வி, "மாத்திரை குடுத்தத டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"காச்சலும்?"

"எல்லாம் சொல்லிட்டேன்டி. நை நைங்காத."

சொல்லத்தான் போகிறேன். அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

இன்று பல் தேய்க்கவில்லை என்பதே இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஓட்டம் நடத்தியவர்கள் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. வளர்மதி கோணிக்கொண்டு வந்து விழுந்து தவழ்கிற துண்டு மட்டும். மேலே சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார்கள். தாராபுரத்திலிருந்து யாரோ அதை அவள் அம்மாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அதை விடாமல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். மத்தியானம் என்னை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இதப் பாரு கண்ணு. இது என்ற புள்ள நடையா? இருவத்தேழு வருசமா பாக்கறன், இது அவ நடையா?"

"வெயில்னால அப்படி ஆச்சும்மா."

"வெயில்ல நீயுந்தான ஓடுன? அந்தத் தம்பியும் ஓடுச்சு. உங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே. அவளுக்கு மட்டும் எதனால? டாக்டரும் அதத்தான் கேக்கறாரு, முன்னாடி என்ன இருந்துச்சுன்னு. ஏதோ ஒண்ணு இருந்துருக்கோணும்ல?"

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இதுல பாதிதான் நம்பிக்கை கண்ணு. நானும் நாலு எழுத்துப் படிச்சவதான். அதனாலதான் உன்னயக் கேக்கறன். நீ இதையெல்லாம் நம்பாதவ, பொய் சொல்லமாட்ட. அங்க என்ன நடந்துச்சு? அவ எதையாவது பாத்தாளா?"

அவர் கேட்கும் 'ஏதோ ஒன்று' என்னவென்று இந்த உலகத்தில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"சுடுகாடு மாதிரி ஒரு இடம் இருந்துச்சும்மா" என்றேன். "அங்க போனதும் அப்படியே நின்னுட்டா. எதையோ உத்துப் பாத்தா. அதுக்கப்புறம்தான் ஒரு மாதிரி ஆனா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே சாமி" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில்.

பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாது. யோசித்துப் பார்த்தால் அவள் அங்கே நிற்கத்தான் செய்தாள். புகைக்குள் எதையாவது பார்த்தாளோ என்னவோ, எனக்கெப்படித் தெரியும்? ஓர் அம்மாவுக்குக் காரணம் என்று ஒன்று கிடைத்தால் கொஞ்சம் தூங்குவார். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஏப்ரல் 30, செவ்வாய்

வளர்மதியை அவள் அம்மா ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். குலதெய்வக் கோயிலில் வெள்ளிக்கிழமை பூசை, பேயை விரட்டக் கழிப்பு எடுப்பது, எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. முடித்து சனிக்கிழமை திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடுவாராம். டாக்டர் கத்தியே விட்டார். "டயாலிசிஸ் நாளைக்கு இருக்கு, அடுத்தது வெள்ளிக்கிழமை. ரெண்டையும் விட்டா சனிக்கிழமை கொண்டுவர ஆள் இருக்கமாட்டாங்கம்மா."

வளர்மதியின் அம்மா அசையவில்லை. "உள்ள இருக்கறத வெளிய எடுக்காம ரத்தத்த மட்டும் கழுவி என்னங்க பண்றது?"

டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். "அவங்க உங்க பேச்சைத்தான் கேக்கறாங்க. ஒரு வாரமா பாக்கறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நின்னுடுவாங்க. சொல்லுங்கம்மா."

ஒரு வார்த்தை போதாது. 'பேய் இல்லை' என்று நான் சொன்னால், 'அப்போ என்ன?' என்று அவர் கேட்பார். அதற்கு என்னிடம் இருப்பது ஒரே பதில்தான்.

"பெத்தவங்க முடிவு டாக்டர். நான் யாரு?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். வேன் வந்ததும் படுக்கையைத் தூக்க நானும் ஒரு முனையைப் பிடித்தேன். வளர்மதிக்கு அப்போது கொஞ்சம் தெளிவிருந்தது. முகம் வீங்கி, கண் இடுங்கிப்போயிருந்தது. என்னைப் பார்த்து, "எங்க போறோம் ஹேமா?" என்றாள். ஊருக்கு என்றேன். "நீ சொன்னா சரிதான்" என்றாள்.

மே 1, புதன்

விடுமுறை. வீடு முழுக்கக் கழுவினேன். ஜாஸ்மின் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். வளர்மதியை ஆஸ்பத்திரியைவிட்டு அழைத்துப் போனது அவளுக்குத் தெரியாது. அவள் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை.

மே 3, வெள்ளி

அலுவலகம் போனேன். எல்லோரும் விசாரித்தார்கள். தேறி வருகிறாள் என்றேன்.

இருட்டுகிற நேரத்தில் வளர்மதியின் அம்மா போன் செய்தார். பின்னால் உடுக்கைச் சத்தம்.

"கண்ணு, பூசை முடிஞ்சுது. நேத்தெல்லாம் என்னா ஆட்டம், என்னா கத்தல். இப்ப அமைதியாயிட்டா. கூப்புட்டாக்கூட முழிக்கல, அப்புடித் தூங்கறா. மூச்சு மட்டும் கொஞ்சம் பெருசா உடறா. எறங்கிப்போச்சுன்னு பூசாரி சொல்றாரு."

அது தூக்கமில்லை. டாக்டரில்லை நான், ஆனாலும் எனக்குத் தெரிந்தது. இப்போதே காரில் போடுங்கள், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போங்கள் என்று கத்தியிருக்கலாம்.

"நல்லதும்மா" என்றேன். "தூங்கட்டும்."

மே 4, சனி

வளர்மதி விடியும்போது இறந்துவிட்டாள்.

மே 5, ஞாயிறு

நேற்று தாராபுரம் போய்வந்தேன். ஜாஸ்மினும் பிரதாப்பும் தனியாக வந்தார்கள். தையல் கடை முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். பச்சைப் புடவை கட்டியிருந்தார்கள். அது அவளுக்குப் பிடிக்காத நிறம். அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

என்னைப் பார்த்ததும் அவள் அம்மா எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்று நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு நடுவே கூட்டிப்போனார்.

"இந்தப் புள்ளதான்" என்றார் உறவுக்காரர்களிடம். அழுது அழுது குரலே இல்லை. "இதுதான் எங்கிட்ட உண்மையச் சொன்னது. டாக்டரு வெயிலுங்கறாரு, உப்புங்கறாரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. இது ஒண்ணுதான் நடந்தத நடந்தபடி சொல்லுச்சு. கொஞ்சம் முந்தித் தெரிஞ்சிருந்தா என்ற புள்ளயக் காப்பாத்தியிருப்பன். அது இவ தப்பில்ல. எம்மேலதான் தப்பு, அத்தன நாளு ஆஸ்பத்திரியில போட்டு வெச்சிருந்தது."

ஜாஸ்மின் எனக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் கை மெதுவாக வாய்க்குப் போனதைப் பார்த்தேன்.

"என்னடி சொன்ன அவங்ககிட்ட?" என்று கேட்டாள். அந்த அழுகைச் சத்தத்திலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "மாத்திரைய சொன்னேன்னு சொன்னியே. என்ன சொன்ன?"

வளர்மதியின் அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "என்ன மாத்திரை கண்ணு?"

வாய்க்கரிசித் தட்டை யாரோ என் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஜாஸ்மின் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு இதைவிட நல்ல சமயம் இனி வரப்போவதில்லை என்று தெரியும். சொன்னால் அந்தக் கை என்னை விட்டுவிடும். இந்த ஊரில், இந்த நாளில், என்னைப் பிடித்திருந்தது அந்த ஒரு கைதான்.

"தலைவலி மாத்திரைம்மா. எனக்குப் போட்டேன்" என்றேன்.

அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு அரிசியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "போடு சாமி" என்றார். "உன்ற கையால போட்டா அவ சந்தோசப்படுவா."

போட்டேன்.